அவள் ஓட்டிய டாங்கி

ராணுவ வண்டிகளை வைத்து இணையத்தில் ஆடும் விளையாட்டு ஒன்றை நானும் என் மனைவியும் ஆடுகிறோம். எங்கள் வயதுக்கு இது பொருந்துமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அந்த விளையாட்டில் ஒரே டாங்கியில் இரண்டு பேர் ஏறலாம். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் சுடுவார். இத்தனை நாள் அதில் பத்து நிமிடச் சண்டைகள் மட்டுமே இருந்தன. போன வாரம், இரண்டு பேர் சேர்ந்து ஒரு கதையை முதலிலிருந்து கடைசிவரை ஆடும் புதிய முறையை வெளியிட்டார்கள். அதற்கு முன் ஆடுபவர்களிடமிருந்து யோசனை கேட்டார்கள். நாங்களும் அனுப்பினோம்.

எங்கள் யோசனை எதையும் அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இல்லை. கோபம் வேறு ஒன்றுக்கு. புதிய முறையின் பெருமைகளில் ஒன்றாக இப்படி அறிவித்திருக்கிறார்கள்: ஓட்டுபவர் தடுமாறினால், பக்கத்தில் இருப்பவர் வண்டியைத் தன் கைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது, அதனால் அவருக்குச் சங்கடமும் இருக்காது. நூற்றுக்கணக்கானவர்கள் அதற்குக் கீழே கைதட்டியிருக்கிறார்கள். எவ்வளவு கருணை, எவ்வளவு நாகரிகம் என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. இது கருணை இல்லை, திருட்டு. அடித்துச் சொல்வேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், அந்தத் திருட்டை இந்த நிறுவனம் கண்டுபிடிப்பதற்கு முன்பே நான் செய்து முடித்துவிட்டேன்.

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். என் மனைவி வேளாண்மைத் துறையில் அலுவலராக இருந்தவள். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக்குப் பூச்சி விழுந்தாலும், புளியங்குடி எலுமிச்சையில் இலை சுருண்டாலும், முதலில் ஸ்கூட்டரிலும் பிறகு காரிலும் அவளே ஓட்டிக்கொண்டு போய் நிற்பாள். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நான் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நெப்போலியன் ரஷ்யாவில் செய்த தவறுகளைச் சொல்லிக்கொண்டு வருவேன். "அவன் தப்பு இருக்கட்டும், எதுத்தாப்புல பஸ் வருதான்னு எட்டிப் பாருங்க" என்பாள்.

தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு ஒரு நாள் காலையில் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சு சீக்கிரம் திரும்பியது. கால் மெல்ல மெல்லத் திரும்பியது. கை மட்டும் வரவில்லை. விரல்கள் அசையும், ஆனால் நினைத்த நேரத்தில் அசையாது. பயிற்சி கொடுக்க வரும் பெண், விரலுக்கு ஓயாமல் வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். களிமண் உருண்டை, ரப்பர் பந்து எல்லாம் என் மனைவிக்குச் சலித்துப்போயின. அப்போது வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வந்து இந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போனாள். "அம்மா ஓட்டட்டும், அப்பா சுடட்டும். ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள போடுத சண்டைய அதுல போடுங்க" என்றாள்.

முன்னறையில் ஒரு நீள மேசை. அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர், எனக்கு மகளுடைய பழைய லேப்டாப். கீபோர்டில் இருக்கும் நான்கு அம்புக்குறிப் பொத்தான்களை அவள் வலது கையால் மட்டுமே அழுத்த வேண்டும். அதுதான் பயிற்சி. டாங்கி நகரும், நிற்கும், ஒரு நொடி தாமதித்துத் திரும்பும். ஆனாலும் அவள் முகத்தில் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு களை வந்தது. காரின் சாவியைக் கையில் வாங்கும்போது வரும் களை அது.

இந்தக் களையைக் கெடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டில் நம் அணியில் முன்பின் தெரியாதவர்கள் இருப்பார்கள். ஆட்டத்தின் நடுவே எழுதிப் பேசிக்கொள்ளலாம். எங்கள் டாங்கி ஒரு பாலத்தின் மதிலில் முட்டி நின்றால் உடனே வசவு வரும். பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஒரு நாள் சுத்தமான நம்மூர்ப் பேச்சில் வந்தது: "ஏலே மாட்டுவண்டி, ஓரமாப் போலே." என் மனைவி சிரித்தாள். "நம்ம பக்கத்துப் பயதான். கேட்டா தென்காசி பஸ் ஸ்டாண்டுன்னு சொல்லுவான்" என்றாள். ஆனால் அடுத்த வசவுக்கு அவள் சிரிக்கவில்லை. அதற்கு அடுத்ததற்குக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எல்லாருக்கும் நம்மளால இடைஞ்சலு. போதும், நிப்பாட்டிருங்க" என்றாள்.

கை முடியாத ஒரு பெண்ணை, அவள் யாரென்றும் தெரியாமல், ஒரு விளையாட்டுக்காக வைகிறார்களே என்று எனக்கு வெறி வந்தது. அந்தப் பயல்களின் பெற்றோரைக் கூப்பிட்டு வைத்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. அவர்களை வளர்த்த விளையாட்டையும் கேட்க வேண்டும். யார் எத்தனை பேரைச் சுட்டான் என்று மட்டும்தான் அதில் கணக்கு. பக்கத்தில் இருப்பவனுக்காகக் காத்திருந்தவனுக்கு அதில் மதிப்பே கிடையாது. பிறகு அவர்கள் எப்படிக் காத்திருப்பார்கள்?

இந்தக் கோபத்தோடு நான் செய்த காரியம் இதுதான். டிவிக்காக வாங்கிய, உள்ளங்கை அகலமுள்ள, கம்பியில்லாத ஒரு சிறு கீபோர்டு வீட்டில் இருந்தது. அதன் சிக்னலை வாங்கும் சின்னக் குச்சியை அவளுடைய கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகினேன். கீபோர்டை என் மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு கீபோர்டு இருந்தால் இரண்டுமே வேலை செய்யும். என் வலது கை லேப்டாப்பில் சுட்டது. இடது கை துண்டுக்கு அடியில் ஓட்டியது. அவள் விரல் பொத்தானைத் தேடிப் போவதற்குள் நான் அழுத்திவிடுவேன்.

டாங்கி வளைந்தது. மதிலில் முட்டவில்லை. பாலத்தைக் கடந்தது.

"பாத்தீங்களா" என்றாள்.

"பாத்தேன்" என்றேன்.

இரக்கத்தினால் செய்தேன் என்று நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்கள் இரக்கம்தான். பிறகு எங்கள் டாங்கி ஜெயிக்க ஆரம்பித்தது. அணியில் முன்னணியில் எங்கள் பெயர் வந்தது. என் அறுபதுகளில் யாரும் எனக்கு மாலை போட்டதில்லை. எழுபதுகளில் கிடைத்த இந்தச் சின்னப் புகழ் எனக்குப் பிடித்துவிட்டது. அவள் மெதுவாக இருந்தால் நாங்கள் தோற்போம். தோற்க எனக்கு மனமில்லை. அதுவும் ஒரு காரணம். பாதிக் காரணம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு வரும் பெண் ஒரு நாள் என் மனைவியின் பிடியைச் சோதித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள். "போன மாசம் இருந்த அளவுகூட இல்லையேம்மா. விரலுக்கு வேல குடுக்குறீங்களா இல்லையா?"

"தினமும் குடுக்கேன். கேம்ல வந்து பாரு, எப்படி வளைக்கேன்னு."

"அப்ப இதுல ஏன் தெரியல?" அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "சார், நீங்க பக்கத்துலயேதான இருக்கீங்க, நல்லா ஓட்டுறாங்களா?"

"நல்லா ஓட்டுதா" என்றேன்.

நான் அழுத்திவிடுவதால் அவள் விரலுக்கு அழுத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. திரும்பி வர வேண்டிய கையை நான் துண்டுக்கு அடியில் இருந்துகொண்டு வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டு போவதற்குள் எனக்கு அது முழுவதுமாகத் தெரிந்துவிட்டது. அன்று மாலையும் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நிறுவனம் யோசனை கேட்டது அந்த நாட்களில்தான். நான் ஒரு பெரிய திட்டம் போட்டேன். வட ஆப்பிரிக்கப் பாலைவனம், இரண்டாம் உலகப் போர், வரைபடங்கள், தளபதிகள். அவள் கேட்டுவிட்டு, "பாலைவனத்துல வளைவே கிடையாதே, ஓட்டுதவளுக்கு அங்கன என்ன சோலி?" என்றாள். அவள் கதை வேறு. மழைக்காலம். செங்கோட்டைக்கு மேலே மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது. மறுபக்கம் மாட்டிக்கொண்டவர்களை ஒரு ராணுவ வண்டி போய் அழைத்துவர வேண்டும். ஓட்டுபவளுக்குக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம்தான் தெரியும். மேலே இருப்பவனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் வண்டி அவன் சொல் கேட்காது. அவன் சொல்ல வேண்டும், இவள் நம்ப வேண்டும்.

"எதிரி யாரு?" என்று கேட்டேன்.

"மழைதான். போதாதா? உங்களுக்கு யாரையாவது சுட்டே ஆகணுமா?"

அது நல்ல கதை. என் கதையைவிட நல்ல கதை. ஆனால் எழுதி அனுப்பும்போது அதில் நான் இரண்டு இடத்தில் பதுங்கிச் சுடுபவர்களைச் சேர்த்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அடுத்தவர் கையிலிருப்பதைத் திருத்துவது அந்த அளவுக்கு எனக்குப் பழகிப்போயிருந்தது.

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்குவதற்கு முந்தைய ஒரு காலையில் அவள் காரின் மேல் போட்டிருந்த உறையை எடுக்கச் சொன்னாள். மெக்கானிக்கை வரவழைத்துப் பேட்டரியை அவளே சரிபார்த்து வைத்திருந்தாள்.

"ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வருவோம். ரோட்டுல கூட்டம் வர்றதுக்குள்ள."

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றேன்.

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. அந்தப் பாலத்துல அவ்வளவு பெரிய வண்டிய வளைக்கேன். இத வளைக்க மாட்டேனா?"

வாசற்கதவைத் திறந்தது நான். அவளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தது நான். இஞ்சின் ஓட ஆரம்பித்து, கார் தெருவில் இறங்கி, முதல் திருப்பத்துக்குப் போகும் வரை எனக்கு நேரம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். இத்தனை ஆண்டுகள் வகுப்பில் நின்று மணிக்கணக்காகப் பேசியவன் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

திருப்பத்தில் அவள் வலது கை ஸ்டீயரிங்கிலிருந்து நழுவியது. இடது கை மட்டும் இழுக்க, கார் தேவைக்கு மேல் திரும்பி, வீடு கட்டுவதற்காக ஒருவர் கொட்டி வைத்திருந்த மணற்குவியலில் ஏறி நின்றது. குவியலுக்கு அந்தப் பக்கம் குழாயடி. குடத்தோடு நின்றிருந்த ஒரு பெண் குடத்தைப் போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மணல் மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

அந்தப் பெண் காருக்குள் எட்டிப் பார்த்தாள். "ஆச்சி, உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று என் மனைவியைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அவுகளுக்குத்தான் கை சொகமில்ல. நீங்க பக்கத்துல உக்காந்து என்னத்தப் பாத்துட்டு இருந்தீய? இந்தா இருக்கே கை பிரேக்கு, அத இழுத்துப் பிடிக்கத் தெரியாதா?"

எனக்கு உண்மையிலேயே தெரியாது. அதையும் அவளிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவி சாப்பாட்டு மேசையில் வலது கையை வைத்து, அதை அடுத்தவர் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல வளையுது. இதுல ஏன் வளையல? எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன். அந்தச் சிறு கீபோர்டை எடுத்து வந்து அவள் முன் வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை. "எப்பலருந்து?"

"பொங்கலுக்கு முந்தியே."

"அந்தப் பாலம்?"

"நான்தான்."

"ஆத்துக்குள்ள இறங்கி ஏறினோமே?"

"அதுவும்."

"ஒண்ணாவது நான் ஓட்டினதா?"

"தெரியல" என்றேன். மறைப்பதற்காக இல்லை. எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுத்தியிருந்த தருணங்கள் இருந்திருக்கும். அதில் எது அவள், எது நான் என்று பிரித்துச் சொல்ல இப்போது உலகத்தில் யாராலும் முடியாது. அவளுடைய விரல் உண்மையாகவே ஜெயித்த ஒரு நாள் அதற்குள் இருந்திருந்தால், அதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

மகளிடம் போனில் அவள் சொன்னதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். "அந்தப் பயலுக மாட்டுவண்டின்னு சொன்னானுகல்லா, அவனுக மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. என் கை எப்படி இருக்குன்னு என் மொகத்துக்கு நேராச் சொன்னது அவனுக மட்டும்தான்."

அதன் பிறகு அவள் என்னோடு பேசியதெல்லாம் உப்பு, மாத்திரை, கதவு, பால் பற்றி மட்டும். சாரல் வந்து, தெரு முழுக்கக் குற்றாலம் போகிற வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு போயின. எங்கள் கார் மட்டும் உறைக்குள் நின்றது. அவள் பந்தை எடுத்துப் பிசைய ஆரம்பித்தாள். பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் நடந்ததைச் சொல்லும்படி என்னை உட்கார வைத்தாள். சொன்னேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

ஒரு நாள் காலை, அவளாகவே, "நிறுவனத்துக்கு நீங்க அனுப்பினத எடுங்க" என்றாள். படித்துக் காட்டினேன். பதுங்கிச் சுடுபவர்கள் வந்த இடத்தில், "இவனுக யாரு?" என்றாள். நான் சேர்த்தவர்கள் என்றேன். "எடுத்துட்டு, நான் சொல்லுதத எழுதுங்க" என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதியது இது. ஓட்டுபவரின் இருக்கை ஓட்டுபவருடையது. அவர் மெதுவாகப் போனால் கதையும் மெதுவாகப் போக வேண்டும், மழை காத்திருக்கட்டும். அடுத்தவர் உதவ நினைத்தால் முதலில் கேட்க வேண்டும். ஓட்டுபவர் சரி என்று சொன்னால்தான் கை வைக்கலாம். கை வைத்திருக்கும் நேரம் முழுவதும் ஓட்டுபவரின் திரையில் ஒரு விளக்கு எரிய வேண்டும். கடைசியில், எந்தத் தூரம் யார் ஓட்டியது என்று இரண்டு பேருக்கும் காட்ட வேண்டும். வண்டி பள்ளத்தில் விழுந்தால் ஆட்டம் முடியக் கூடாது. விழுந்த வண்டியைச் சேர்ந்து தூக்குவதுதான் அடுத்த அத்தியாயம்.

அப்படியே அனுப்பினேன், ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல். யோசனைகளை எல்லோரும் படிக்கும்படி போடுவார்கள். எங்களுடையதற்குக் கீழே ஒருவர், "விளக்கு எரிந்தால் ஓட்டுபவனுக்கு அவமானமாக இருக்காதா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "காத்திருப்பதற்கு எவன் விளையாட்டுக்கு வருவான்?" என்றார். நிறுவனத்திலிருந்து ஒரு நன்றி வந்தது. பிறகு போன வாரம் அந்த அறிவிப்பு வந்தது.

அவமானம் என்கிறார்கள். ஒருவரால் முடியாததை அவருக்குத் தெரியாமல் செய்து கொடுத்து, முடிந்தது என்று நம்ப வைப்பது அவமானம் இல்லையாம். உனக்கு உதவுகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்வது அவமானமாம். எந்த ஊர் நியாயம் இது? எங்கள் தெருவில் ஒரு குடம் உடைந்தது. ஆள் தப்பியது மணலால், என் நல்ல மனதால் இல்லை. இதையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதினேன். நான் செய்ததையும் மறைக்காமல் எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன்.

அறிவிப்பை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "உங்களுக்குப் பங்கு கேட்டு வழக்குப் போடுங்க" என்றாள். மாதக்கணக்குக்குப் பிறகு என்னிடம் அவள் செய்த முதல் கிண்டல் அது. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

இப்போது அவள் தென்காசியில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போகிறாள். டாக்டர் பார்த்து, ஆள் பக்கத்தில் இருந்தால் பழகலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான். அவர்களுடைய காரில் கற்றுக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கிறது. சீசன் முடிந்து வெறுமையாகக் கிடக்கும் ஒரு மைதானத்தில் சுற்றி வருவார்கள். நான் பின் இருக்கையில்.

முதல் நாள் கற்றுக்கொடுப்பவர், "பயப்படாதீங்க ஆச்சி, தேவப்பட்டா நான் பிரேக் போட்டுக்கிடுவேன்" என்றார்.

"போடுங்க. போட்டா, போட்டேன்னு சொல்லணும். அது ஒண்ணுதான் எனக்கு வேணும்" என்றாள்.

நேற்று மைதானத்தின் மூலையில் திருப்பும்போது கை மறுபடியும் தயங்கியது. வேலிக்கல் நெருங்கி வந்தது. நான் முன் இருக்கையின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன். கார் ஒரு குலுக்கலோடு நின்றது.

"அது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான் ஆச்சி. போட்டுட்டேன்."

அவள் தலையை ஆட்டினாள். காரைப் பின்னால் எடுத்து, மறுபடியும் அதே மூலைக்கு ஓட்டினாள். இந்த முறை கை கொஞ்சம் முன்னதாகவே கிளம்பியது. கல்லுக்கு ஒரு முழம் தள்ளி, கார் ஆடி ஆடித் திரும்பி, நேராகி, மெதுவாகப் போனது.

"இது?" என்றாள்.

"நான் தொடல" என்றார் அவர்.

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். அவள் கேட்காமலே நான் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன்.